சுங்கை சிப்புட் சந்தையில் ஆண்டு முழுக்கப் பார்த்து வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாம்பாருக்கு முருங்கைக்காய், பொரியலுக்கு பீன்ஸ், கூட்டுக்குக் கோஸ் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். எழுதிய காய் அன்று வாடிக் கிடந்தாலும் வாங்குவோம், விலை ஏறியிருந்தாலும் வாங்குவோம். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த என் அம்மா பட்டியல் எழுதியதே இல்லை. முதலில் ஒரு சுற்று வெறுங்கையோடு நடப்பார். "மொதல்ல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துருவோம்" என்பார். எந்தக் காய் நாலு கடையிலும் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் அந்த வாரம் எங்கள் வீட்டுக் குழம்பு. குவிந்து கிடப்பது மலிவாக இருக்கும், அன்று பறித்ததாகவும் இருக்கும். அம்மாவோடு கூடை பிடித்து நடந்து தெரிந்துகொண்டதையும், பிறகு நானே குடும்பம் நடத்தித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஆனாலும் செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த எந்தத் தோட்டப்புற ஊருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எந்தச் சந்தை எதற்கு

பெரிய பாசார் என்று நாம் சொல்லும் நகராண்மைச் சந்தைக் கட்டடம் நாள்தோறும் காலையில் திறந்திருக்கும். மீன், கோழி, ஆட்டிறைச்சி, தேங்காய்த் துருவல் எல்லாவற்றுக்கும் அதுதான். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை மாலையில் கூடும். பலகாரத்துக்கும் துணிமணிக்கும் அது நல்ல இடம். காய்கறியைப் பொறுத்தவரை, காலையில் வேறெங்கோ விற்று மீந்தது அங்கே வருவதும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது பாசார் தானி, அதாவது உழவர் சந்தை. 1965-இல் தொடங்கிய ஃபாமா என்ற கூட்டரசு விவசாயச் சந்தை வாரியம் 1985 முதல் இதை நடத்தி வருகிறது. விளைவித்தவரே தரகர் இல்லாமல் விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வாரத்தில் ஓரிரு காலைகளில் திடலிலோ கார் நிறுத்துமிடத்திலோ கூடும், நாள் ஊருக்கு ஊர் மாறும். அங்கே கடை போட்டவர் எல்லாரும் விவசாயிகள்தாம் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மேசையில் ஆரஞ்சும் ஆப்பிளும் கேரட்டும் கங்கோங் கீரையும் இருந்தால் அவர் வியாபாரி. இரண்டு மூன்று வகை மட்டும், அதுவும் வேரில் மண் ஒட்டியபடி வைத்திருந்தால் அவர் பயிர் செய்கிறவர். நான் பின்னவரிடம் முதலில் போவேன்.

நாலாவது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயரே கிடையாது. பாசாருக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையில் கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் நம் பாட்டிமார், அக்காமார். நாலு கட்டு முருங்கைக்கீரை, ஒரு குவியல் எலுமிச்சை, கருவேப்பிலை, ஒரு சீப்பு வாழை, ஒரு வாழைப்பூ. லயத்து வீட்டுக்குப் பின்னாலோ கம்பத்து (கிராமத்து) வீட்டைச் சுற்றியோ வளர்ந்தவை. கருவேப்பிலையை வேறெங்கும் வாங்காதீர்கள். அன்று காலை ஒடித்த கொத்து கையில் எடுத்ததும் மணக்கும், பைக்குள் அடைத்து விற்பதில் அந்த மணம் பாதிகூட இருக்காது. அவர்களிடம் பேரம் பேசுவதை நான் விட்டுப் பல காலமாகிறது.

இரண்டாம் படி: காய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது

இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் சந்தைக்கு ஐந்து வழிகளில் சாமான் வருகிறது. ஒவ்வொரு வழியும் ஆண்டில் வெவ்வேறு மாதத்தில் அடைபடும். எது எப்போது அடைபடும் என்று தெரிந்துவிட்டால் விலை ஏறும்போது திகைக்க மாட்டீர்கள், வேறு காய்க்கு மாறிவிடுவீர்கள்.

பக்கத்துப் புதுக்கிராமங்களிலிருந்து வருவது முதல் வகை. 1948 ஜூன் 16-இல் இந்த ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் போராளிகளை அடக்க அவசரகாலம் வந்தது. அதன்பின் காட்டோரத்தில் சிதறியிருந்த சீனக் குடும்பங்களை வேலியடைத்த புதுக்கிராமங்களில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். நாடெங்கும் அப்படி உருவான கிராமங்களைச் சுற்றிக் காய்கறிப் பாத்திகள் வளர்ந்தன. இன்றும் நம் கீரைகளும், சாவி என்ற கடுகுக்கீரை, கங்கோங், பயத்தங்காய், வெண்டை, பீர்க்கு, பாகல் போன்றவையும் அப்படிப்பட்ட பாத்திகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. விடியும் முன் அறுத்து மோட்டாரில் கொண்டு வருவார்கள். தாழ்நிலக் காய்கள் இவை, வெயிலைத் தாங்கும். தொடர்ந்து நாலு நாள் அடைமழை பெய்தால் மட்டும் கீரை அழுகும்.

கேமரன் மலையிலிருந்து லோரியில் வருவது இரண்டாவது. கோஸ், தக்காளி, கேரட், பீன்ஸ், சாலட் இலை, குடைமிளகாய் எல்லாம் இதில் அடக்கம். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி ஈப்போ வந்து நமக்கு வருகிறது. மலையில் கனமழை பெய்தாலோ மண் சரிந்து சாலை அடைபட்டாலோ அந்த வாரமே தக்காளி விலை தாவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை எதிர்பார்த்தே இருங்கள்.

காட்டிலிருந்து வருவது மூன்றாவது. இந்த ஊரின் சிறப்பே அதுதான். லாசா பக்கத்து உள்காடுகளில் வாழும் தெமியார் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் பெத்தாய் என்ற வாடையுள்ள காட்டு அவரை, மூங்கில் குருத்து, பாக்கு எனும் பெரணிக் கீரை, காட்டுப்பழங்கள் கொண்டு வருவார்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கடலிலிருந்து வருவது நாலாவது. லூமுட், பங்கோர், கோல செப்பத்தாங் என்று பேராக்கின் மேற்குக் கரைதான் நமக்குப் பக்கம். ஐந்தாவது கப்பலில் வருவது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பருப்பு ஆகியவை பெரும்பாலும் நம் மண்ணில் விளைந்து சந்தைக்கு வருபவை அல்ல. 2023 டிசம்பர் 8-இல் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது, 2024 மே மாதம்தான் அதை நீக்கியது. அத்தனை மாதமும் பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்து நம் கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டவர்கள் பலர். அவர் கையில் அது இல்லை.

மூன்றாம் படி: நேரமும் கையில் எடுத்துப்போக வேண்டியதும்

கீரைக்கும் மீனுக்கும் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கிழங்கு, பூசணி, தேங்காய், வாழைக்காய் மட்டும் வேண்டுமானால் பதினொரு மணிக்குப் போகலாம். கடை கட்டும் நேரத்தில் மீதியைக் குவியல் குவியலாக வைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள். அன்றே சமைப்பதாக இருந்தால் மட்டும் அந்தக் குவியலை எடுங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் கூட்டம் நெரியும், பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள். முடிந்தால் அந்த ஞாயிறைத் தவிர்த்து ஒரு வேலைநாளில் போங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: அகலமான கூடை ஒன்று, மீனுக்கு மூடி போட்ட டப்பா, கீரையைச் சுற்ற ஈரத்துணி, சில்லறை. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பணம் வாங்கும் கடைகள் பெருகிவிட்டன, ஆனால் சாக்கு விரித்த பாட்டியிடம் அது கிடையாது.

நாலாம் படி: கேட்கத் தெரிவது

விற்பவரிடம் இரண்டே கேள்வி போதும். "இனி தானாம் செண்டிரி கா?" (நீங்களே நட்டதா?), "பீலா பெத்திக்?" (எப்போது பறித்தது?). நட்டவர் உடனே பேச ஆரம்பித்துவிடுவார். மழையைச் சொல்வார், பூச்சியைச் சொல்வார், அடுத்த வாரம் என்ன அறுக்கப் போகிறார் என்றும் சொல்வார். அந்தக் கடைசித் தகவல் பொன்னானது. நான் பயத்தங்காய் வாங்கும் சீன அங்கிள் ஒருவர் என்னை "தங்காச்சி" என்றுதான் கூப்பிடுவார். "அடுத்த வாரம் வா, பிஞ்சு பீர்க்கங்காய் இருக்கு" என்று அரைத் தமிழிலும் மலாயிலும் கலந்து சொல்வார். சொன்னால் சொன்னபடி எடுத்து வைத்திருப்பார்.

பேரம் பேசுவதாக இருந்தால் "கூராங் சிக்கிட் போலே?" (கொஞ்சம் குறைக்கலாமா?) என்று ஒரு முறை கேளுங்கள். மூன்று பொருள் வாங்கும் இடத்தில் கேளுங்கள், ஒரே ஒரு கட்டு கீரைக்குக் கேட்காதீர்கள்.

பொறுக்கும் விதம் காய்க்குக் காய் மாறும். வெண்டைக்காய் வழவழப்பாக, நடுவிரல் நீளத்துக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் மனம் நோகும், கண்ணாலேயே தெரிந்துகொள்ளப் பழகுங்கள். பயத்தங்காயில் இரண்டு வகை உண்டு. வெளிர்பச்சை சீக்கிரம் வேகும், கரும்பச்சை பொரியலுக்கு முறுமுறுப்பாக நிற்கும். கத்தரிக்காயில் காம்புதான் சாட்சி, பச்சையாக இருக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கின் முனையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே நீலக்கோடு ஓடினால் நாளாகிவிட்டது, வேண்டாம். கீரை இலையில் ஒன்றிரண்டு ஓட்டை இருந்தால் நான் பயப்படுவதில்லை. ஓட்டையே இல்லாமல் பளபளவென்று இருப்பதைத்தான் இரண்டு முறை கழுவுகிறேன்.

தேங்காய் பெரும்பாலும் பகான் டத்தோ பக்கத்திலிருந்து வரும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், மூன்று கண்ணும் காய்ந்திருக்க வேண்டும். கண் ஈரமாக இருந்தால் உள்ளே ஊசிப்போயிருக்கும். துருவச் சொல்லும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், முன்னவருடைய மீதித் துருவல் உங்கள் பையில் கலக்காமல் இருக்கும்.

மீனுக்கு நான் பார்ப்பது செவுள்தான். கண்ணைப் பார் என்பார்கள், ஆனால் பனிக்கட்டியில் கிடந்த மீனின் கண் ஏமாற்றும். செவுள் இரத்தச் சிவப்பாக, வாடையில்லாமல் இருந்தால் வாங்கலாம். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் கெம்போங், செலார் வரத்துக் குறையும். நிலா வெளிச்சத்தில் கூட்டமீன் வலையில் படாது என்பதால் பெரிய வலைப் படகுகள் பல கரையிலேயே நின்றுவிடும். அந்த நாட்களில் குளத்துக் கெளுத்தியோ திலாப்பியாவோ வாங்குங்கள், அல்லது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வையுங்கள்.

முட்டையை அளவு பார்த்து வாங்குங்கள். ஏ தரம் என்றால் ஒரு முட்டை 65 முதல் 69.9 கிராம், பி தரம் 60 முதல் 64.9, சி தரம் 55 முதல் 59.9. விலைக் கட்டுப்பாடு கோழிக்கு 2023 நவம்பர் 1-இலும் முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1-இலும் நீங்கிவிட்டது. எனவே கடைக்குக் கடை விலை மாறும். தட்டு விலையை மட்டும் கேட்காமல் தரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெத்தாய்க்குத் தனி இடம்

பெத்தாயை விரும்பாத தோட்டத்து வீடு குறைவு. நெத்திலியும் சம்பாலும் சேர்த்தால் ஒரு பானைச் சோறு காலியாகும். சந்தையில் இரண்டு வகை பார்ப்பீர்கள். பெத்தாய் பாப்பான் அகலமான காய், விதை பெரியது. பெத்தாய் பாடி சிறியது, விதை நெருக்கமாக இருக்கும், வாடை தூக்கலாக இருக்கும். காயை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பாருங்கள். விதைமேல் கரும்புள்ளி தெரிந்தால் புழு இருக்கிறது. உரித்துப் பொட்டலம் கட்டியதைவிடக் காயாக வாங்குவது நல்லது, காயோடு நிழலில் தொங்கவிட்டால் சில நாள் தாங்கும்.

காட்டிலிருந்து ஒவ்வொரு கட்டையும் தோளில் சுமந்து, பிறகு வண்டி ஏற்றிக் கொண்டு வருகிறார்கள் அந்த மக்கள். மரம் ஏறும் ஆபத்து வேறு. இடைத்தரகர் அவர்களிடம் என்ன விலைக்கு எடுக்கிறார் என்று கேட்டால் மனம் கனக்கும். சாலையோரத்தில் அவர்களே விற்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்தி வாங்குங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள்.

மூங்கில் குருத்தை வாங்கினால் நறுக்கி நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் நச்சுத்தன்மை உண்டு. மரவள்ளிக் கொழுந்தும் அப்படித்தான். ஜெரிங் காயைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆண்டைப் பிடித்துக்கொள்வது

ஜனவரி பொங்கலோடு பிறக்கும். கரும்பும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தும் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பே வாங்கிவிடுங்கள், முதல் நாள் மாலை இரட்டை விலை சொல்வார்கள். பின்னாலேயே தைப்பூசம். தேங்காயும் எலுமிச்சையும் ஏறும். எலுமிச்சையை முன்கூட்டியே வாங்கி ஊறுகாய் போட்டுவிட்டால் கவலையில்லை. அடுத்துச் சீனப் புத்தாண்டு. பெருநாளை ஒட்டி சீனக் கடைகள் பல மூடிக் கிடக்கும், காய்கறி வரத்தும் சுருங்கும். அந்த வாரத்துக்குப் பூசணி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் என்று தாங்கும் காய்களை முன்பே எடுத்து வையுங்கள். பம்ளிமாஸ் நிறைய வரும் காலமும் அதுதான். நம் பக்கத்து தம்புனில் விளைவது பெயர் பெற்றது. உருவத்தைப் பார்க்காமல் கனத்தைப் பாருங்கள், கனமான பழம் தோலோடு பல வாரம் கெடாது.

நவம்பரில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை இழுக்கும். கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால் கிளந்தான், திரெங்கானு மீன் வராது. மேற்குக் கரை மீனுக்கு எல்லா ஊரும் போட்டி போடும்போது நம் விலையும் ஏறத்தான் செய்யும்.

நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அப்போது மலாய்க்காரர் கடைகளின் நேரம் மாறிவிடும். காலைக் கூட்டம் குறைந்து நிதானமாகப் பொறுக்கலாம். மாலையில் ரமலான் பாசார் கூடும். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோழி, இறைச்சி, தேங்காய் வாங்கப் போகாதீர்கள், அந்த வாரத்துக்கு முந்திய வாரமே வாங்கி உறைய வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பெர்லிஸ் ஹாருமானிஸ் மாம்பழம் வரும், விலை அதிகம். வீட்டு மாமரத்துக் காயை நம் அக்காமார் விற்பார்கள். அதை வாங்கி மிளகாய்த்தூள், உப்பு போட்டு வெயிலில் வையுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஊரே மணக்கும். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், லங்சாட், செம்படாக் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் பருவம் பெரும்பாலும் அதுதான். ஆண்டின் கடைசியில் சின்னப் பருவம் ஒன்று வருவதும் உண்டு. விலை உயர்ந்த மூசாங் கிங் டுரியானின் பின்னால் ஓட வேண்டிய அவசியமில்லை. கம்பத்து டுரியான் மூன்று நாலு பழம் ஒரு குவியலாகக் கிடைக்கும். ஒன்று கசக்கும், ஒன்று தித்திக்கும், அந்த வித்தியாசமே அதன் அழகு. காம்பு ஈரமாகப் பச்சையாக இருக்கிறதா, முள்ளிடையே பூச்சித் துளை உண்டா, காதருகே ஆட்டினால் சுளை லேசாக அசைகிறதா என்று பாருங்கள். அங்கேயே பிளந்து காட்டச் சொல்லி வாங்குவதில் தப்பில்லை. மங்குஸ்தீனைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் எத்தனை இதழ் இருக்கிறதோ அத்தனை சுளை உள்ளே. இதழ் அதிகமென்றால் சுளை சிறியதாக, கொட்டையில்லாமல் இருக்கும். தோல் கல்லாக இறுகியதை விட்டுவிடுங்கள். ரம்புத்தானின் முடி கருத்துச் சுருண்டால் பறித்து மூன்று நாளாகிவிட்டது.

ஆடியில் கோயில் கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாடும் கேட்பார் அதிகம். புரட்டாசியில் நாம் சைவத்துக்கு மாறுகிற அதே நேரத்தில், சீனர்களும் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவுக்காக ஒன்பது நாள் சைவம் சாப்பிடுவார்கள். இரண்டு சமூகமும் ஒரே கடையில் காய் வாங்க நிற்கும், மேலே மலையில் மழையும் ஆரம்பித்திருக்கும். கோஸுக்கும் பீன்ஸுக்கும் பதிலாகப் பீர்க்கங்காய், சுரைக்காய், வாழைப்பூ, தண்டுக்கீரை என்று தாழ்நிலக் காய்களுக்கு இறங்கிவிடுங்கள். என் வீட்டில் புரட்டாசி முழுக்க தக்காளி குறைவு, புளிதான் அதிகம்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னும் பின்னும் உள்நாட்டு வாணிப அமைச்சு பண்டிகைக்கால உச்ச விலைத் திட்டத்தை அறிவிக்கும். அந்தப் பட்டியலில் எந்தப் பொருள்கள் இருக்கின்றன என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாழையிலையைத் தீபாவளிக்கு முதல் நாள் கடையில் தேடாமல், சாக்கு விரித்த பாட்டியிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். அளவாக வெட்டி, கிழியாமல் சுருட்டிக் கொண்டுவந்து தருவார்.

ஆண்டு முழுக்கக் குறையாதது வாழைப்பழமும் பப்பாளியும். பிசாங் மாஸ், பெராங்கான், ரஸ்தாளி மூன்றும் எப்போதும் இருக்கும். பப்பாளியில் மார்டி என்ற விவசாய ஆய்வுக் கழகம் 1987-இல் வெளியிட்ட எக்சோட்டிகா சின்னது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

ஆறாம் படி: நிறுவையும் உரிமையும்

விலைச்சீட்டு வைப்பது சட்டப்படி கட்டாயம். சீட்டு இல்லாத இடத்தில் நிறுப்பதற்கு முன்பே விலையைக் கேளுங்கள், நிறுத்த பிறகு கேட்டால் வாங்காமல் வர மனம் வராது. தராசில் சோதனை முத்திரை ஒட்டியிருக்கும், அதன் ஆண்டைப் பாருங்கள். முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். ஒருமுறை நான் வாங்கிய இரண்டு கிலோ கோழி வீட்டுத் தராசில் 1.7 கிலோதான் இருந்தது. அடுத்த வாரம் போய் அமைதியாகச் சொன்னேன், ஈரலும் தலையும் கழித்த கணக்கு என்றார். அதிலிருந்து சுத்தம் செய்த பிறகு நிறுக்கும் விலையா, முன்பா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பழைய ஆட்கள் கட்டிக் கணக்கில் விலை சொன்னால் குழம்ப வேண்டாம், ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம்.

ஒரு சின்ன நோட்டில் தக்காளி, பச்சை மிளகாய், தேங்காய், கெம்போங் மீன், வெங்காயம் ஆகிய ஐந்தின் விலையை மட்டும் வாராவாரம் எழுதி வாருங்கள். ஓராண்டு எழுதினால் எந்த மாதம் எது ஏறும் என்று உங்கள் கையெழுத்தே சொல்லும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கீரையை அன்றே ஆய்ந்துவிடுங்கள். கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, சமைக்கும் முன் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கோஸின் வெளி இலை இரண்டை எடுத்துவிடுங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிக் காகிதத்தில் சுற்றினால் இரண்டு வாரம் நிற்கும். தக்காளி மலிந்த வாரத்தில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வதக்கித் தொக்காக்கி வையுங்கள், நவம்பர் மழையில் சாலை அடைபடும் வாரத்தில் அதை எடுக்கலாம். டுரியான் சுளையையும் உரித்த பெத்தாயையும் இறுக மூடிய டப்பாவில் உறைய வைக்கலாம். டப்பாவை இரண்டு பைக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் வீட்டுப் பாலும் மணக்கும்.

மிஞ்சிய மரவள்ளித் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு முழம் வெட்டி வீட்டோரத்து மண்ணில் சாய்த்து ஊன்றினால் துளிர்க்கும். அடுத்த ஆண்டு இதே நேரம் கிழங்கை நீங்களே பிடுங்கலாம், கொழுந்தை மட்டும் அளவாகக் கிள்ளுங்கள்.